நூல் நுனியின் காவல்

அரிசி மூட்டை போடும் புதிர்

கடையிலிருந்து வந்திறங்கும் 25 கிலோ அரிசி மூட்டையின் வாயைப் பிரிப்பதில் எல்லாக் குடும்பங்களுக்கும் இரண்டு விதமான அனுபவங்கள் உண்டு. ஒரு மாதம், மூட்டையின் ஓரத்தில் தொங்கும் நூலைப் பற்றி இழுத்த மாத்திரத்தில், சரசரவென்ற ஓசையோடு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் தையல் முழுவதும் கழன்று, நீளமான ஒற்றை நூலாகக் கையோடு வந்துவிடுகிறது. மறு மாதம், அதே கடையில் வாங்கிய அதே விதமான மூட்டையில், எவ்வளவு பலமாக இழுத்தாலும் தையல் இறுகுகிறதே தவிர இளகுவதில்லை. பொறுமையிழந்து கத்தியைத் தேடிப்போய்ச் சாக்கின் வாயையே அறுக்க வேண்டியதாகிறது. நூலும் ஒன்றுதான், சாக்கும் ஒன்றுதான், இழுக்கும் கையும் ஒன்றுதான். பலன் மட்டும் ஏன் இப்படி நேர்மாறாக அமைய வேண்டும்?

இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. புதிதாக வாங்கிய சட்டையில், பொத்தானுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் சிறு நூலைப் பார்வைக்கு நன்றாக இல்லையே என்று இழுக்கிறோம். பொத்தான் கழன்று தரையில் உருள்கிறது. அதே சட்டையின் பக்கத் தையலில் தொங்கும் நூலையும் அவ்விதமே இழுத்துப் பார்க்கிறோம். நூல் அறுந்து போகிறதே ஒழியத் தையல் அசைந்து கொடுப்பதில்லை.

நூலால் தைத்த எந்தப் பொருளுக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என்று இரண்டு நுனிகள் உண்டு. தையலின் நடுப்பகுதியை இருபுறமுள்ள தையல்கள் தாங்கிக்கொள்ளும். நுனிக்கு ஒருபுறம்தான் துணை உண்டு. ஆகவே தையலின் ஆயுளை நிர்ணயிப்பது பெரும்பாலும் நுனிதான். ஒவ்வொரு வகைத் தையலும் தன் நுனியைக் காத்துக்கொள்வதற்கு வெவ்வேறு உபாயத்தை நாடுகிறது என்பதையும், அந்த உபாயங்கள் பெரும்பாலும் உராய்வு என்ற ஒரே சக்தியை நம்பி நிற்கின்றன என்பதையும் இந்த அத்தியாயத்தில் படிப்படியாகக் காண்போம்.

ஒற்றை நூலில் ஒரு சங்கிலி

மூட்டையின் வாயைச் சற்று நெருங்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் தையல் ஒற்றை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக நேரே ஓடுகிறது. மறுபக்கத்தில் அதே நூல் சிறு சிறு வளையங்களாக, ஒன்றினுள் ஒன்று புகுந்து, சங்கிலியாகப் படிந்திருக்கிறது. இதற்குச் சங்கிலித் தையல் என்று பெயர். அந்த வளையம் ஒவ்வொன்றையும் இனிக் கண்ணி என்று அழைப்போம்.

இது உருவாகும் விதம் மிகவும் எளிது. நூல் கோத்த ஊசி சாக்கைத் துளைத்து மறுபுறம் இறங்கிச் சிறிது மேலெழும்பும்போது, அங்கே நூல் ஒரு கண்ணியாக விரிகிறது. அதை யந்திரத்தின் கொக்கி பிடித்து, தையல் போகும் திசையில் முன்னால் நீட்டி வைத்துக்கொள்கிறது. சாக்கு ஒரு தையல் தூரம் நகர்ந்ததும் ஊசி மறுபடியும் இறங்கி, நீட்டி வைத்திருக்கும் கண்ணிக்கு உள்ளேயே புகுந்து, அடுத்த கண்ணியைத் தந்துவிட்டுத் திரும்புகிறது. இப்போது முதல் கண்ணியை இரண்டாவது கண்ணி நழுவ விடாமல் தடுக்கிறது. இரண்டாவதை மூன்றாவது தடுக்கிறது. இவ்விதமே மூட்டையின் மறு கோடி வரையில் தொடர்கிறது.

ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணி மட்டுமே காவல். அப்படியானால் கடைசிக் கண்ணிக்குக் காவல் யார்? யாருமில்லை. முடிவு நுனியைப் பிடித்து இழுத்தால், கடைசிக் கண்ணி தடையின்றித் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. அது வெளியேறியதும் அதற்கு முந்தியது காவலற்றுப் போகிறது. இழுக்க இழுக்க ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. தொடக்க நுனியை இழுத்தாலோ, முதல் கண்ணி இரண்டாவதன் கழுத்தை நெருக்கி இறுக்குகிறது; எவ்வளவுக்கெவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு பிடி கடினமாகிறது. மூட்டையின் இரு வித நடத்தைக்கும் காரணம் இவ்வளவே.

எது முடிவு நுனி என்று கண்டுபிடிப்பதிலும் சிரமமில்லை. சங்கிலி தெரியும் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கண்ணியை உற்று நோக்கினால், அதன் இரு கால்களும் ஒரு துவாரத்திலிருந்து ஒட்டினாற்போலக் கிளம்புவதையும், முன்னே போய் வளைந்த தலையாக அடுத்த கண்ணியைச் சுற்றி நிற்பதையும் காணலாம். வளைந்த தலைகள் எந்தத் திசையை நோக்குகின்றனவோ அந்தக் கோடியில்தான் தையல் முடிந்திருக்கிறது. அந்தக் கோடியில் சாக்குக்கு வெளியே வெறும் சங்கிலியாக நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சாக்கை ஒட்டி வெட்டிவிட்டு, விடுபட்ட நூலை இழுத்தால் மூட்டை திறந்துகொள்ளும். அந்த வாலை வீண் என்று எண்ணிவிடக் கூடாது. துணியில்லாமல் தன்மீதே இறுகிக்கிடக்கும் அந்தச் சிறு சங்கிலிதான், மூட்டை லாரியில் ஏறி இறங்கும் காலமெல்லாம் கடைசிக் கண்ணியைக் காத்து வருகிறது. சில மூட்டைகளில் மேலே ஒரு நூலும் கீழே ஒரு நூலுமாக இரண்டு நூல்கள் ஓடும். அவற்றுக்கும் பிரியும் திசை ஒன்றுதான்.

சற்று நீளமான சணல் கயிறு கையிலிருந்தால் இதை விரல்களாலேயே சோதித்துப் பார்க்கலாம். முதலில் ஒரு சுருக்குக் கண்ணி போட்டு, அதனுள் கயிற்றின் அடுத்த பகுதியைக் கண்ணியாகவே இழுத்து, அதனுள் மறுபடி அடுத்ததை இழுத்து, நாலைந்து கண்ணிகள் சேர்ந்ததும் நிறுத்துங்கள். நுனியை இழுத்தால் யாவும் ஒரு நொடியில் காணாமற்போகும். மறுபடியும் பின்னி, இந்தத் தடவை கடைசிக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுக்காமல் கயிற்றின் நுனியையே புகுத்தி வெளியே எடுத்துவிட்டு இழுங்கள். இப்போது எந்தப் பக்கம் இழுத்தாலும் சங்கிலி அவிழாது. திறந்து கிடந்த கண்ணிக்கு நுனியே தாழ்ப்பாளாகிவிட்டது. ரவிக்கையில் ஆரி வேலை செய்கிறவர்கள் கொக்கி ஊசியால் போடுவதும் இந்தச் சங்கிலித் தையல்தான். ஒவ்வொரு கொடியும் முடியும் இடத்தில் நூலைப் பின்புறம் இழுத்து முடிச்சிடாவிட்டால், மணியும் ஜரிகையும் சேர்ந்து ஒரு வரிசை முழுவதும் உதிர்ந்துபோகும். கையூசியால் பூவேலை செய்கிறவர்கள் கடைசிக் கண்ணியின் தலைமேல் குறுக்காக ஒரு சின்னஞ்சிறு தையல் போட்டு அதைத் துணியோடு அமர்த்திவிடுகிறார்கள். வழி வேறு, காரியம் ஒன்று.

தையற்காரர்கள் உடைத்த யந்திரம்

உபயோகத்துக்கு வந்த முதல் தையல் யந்திரம் இந்தச் சங்கிலித் தையலையே போட்டது. பிரான்ஸ் தேசத்தில் பார்தெலமி தீமோனியே என்ற ஏழைத் தையற்காரர், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் பூவேலை செய்யும் பெண்களின் கையசைவைக் கவனித்து, அதை மரத்தாலான யந்திரத்துக்குக் கற்பித்து, 1830ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். பாரிஸில் சுமார் 80 யந்திரங்கள் ராணுவத்தாருக்கு உடுப்புத் தைத்தன. தங்கள் பிழைப்பு போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து அவற்றை நொறுக்கினார்கள். தீமோனியே வறுமையிலேயே 1857இல் காலமானார். ஒரு நல்ல சிந்தனைக்கு நேர்ந்த இந்தக் கதியையும், பசிக்கு அஞ்சிய அந்தத் தொழிலாளிகளின் நிலையையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும்போது மனம் வருந்தாமலிருக்க முடியாது.

அவருடைய யந்திரத்தின் தையல், நுனி அவிழ்ந்தால் முழுவதும் அவிழும் தன்மையது. இந்தக் குறையை நீக்கியவர்கள் அமெரிக்கர்கள். நியூயார்க்கில் வால்டர் ஹண்ட், ஊசியின் கூர்முனைக்கு அருகிலேயே காதை அமைத்து, இரண்டு நூல்களால் தைக்கும் யந்திரம் ஒன்றை 1830களில் செய்தார். ஆனால் அதற்கு உரிமை தேடிக்கொள்ளாமல் விட்டுவிட்டார். 1846இல் எலியாஸ் ஹோவும், 1851இல் ஐசக் சிங்கரும் பெற்ற பட்டயங்களிலிருந்தே இன்று நம் தெருவோரத் தையற்கடையில் ஓடும் யந்திரம் வம்சாவளியாக இறங்கி வந்திருக்கிறது.

பூட்டுத் தையல்

இரண்டு நூல்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே நூல் கண்டிலிருந்து ஊசிக்கு வரும் நூல் ஒன்று. கீழே பாபினில் சுற்றிவைத்த நூல் ஒன்று. ஊசி இறங்கி எழும்போது விரியும் கண்ணியைக் கீழேயுள்ள கொக்கி பிடித்துப் பெரிதாக்கி, பாபின் முழுவதையும் அதன் ஊடே நுழைத்தெடுக்கிறது. கண்ணி மேலே இறுகும்போது பாபின் நூல் அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறது. இரண்டு நூல்களும் துணியின் கனத்துக்குள் ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே இதைப் பூட்டுத் தையல் என்போம்.

சங்கிலித் தையலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், இங்கே எந்தத் தையலும் அடுத்த தையலை நம்பி வாழவில்லை என்பதே. ஒரு கண்ணியை விடுவிக்க வேண்டுமானால் அதனுள் நுழைந்திருக்கும் பாபின் நூலின் நுனி அவ்வளவு தூரமும் பின்வாங்கி வெளியேற வேண்டும். அதற்கு அது வழியிலுள்ள அத்தனை தையல்களையும் கடந்தாக வேண்டும். சட்டையின் பக்கத் தையலில் தொங்கும் நூல் நம் இழுப்புக்கு இணங்காமல் அறுந்துபோவதற்கு இதுவே காரணம்.

ஆயினும் இந்தப் பூட்டும் சரியாக விழ வேண்டும். மேல் நூலின் இழுப்பும் கீழ் நூலின் இழுப்பும் சமமாக இருந்தால் கொளுவும் இடம் துணியின் நடுவே மறைந்திருக்கும். மேல் நூல் தளர்ந்திருந்தால் கொளுவும் இடம் துணியின் அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்போது பாபின் நூல் எங்கும் வளையாமல் கம்பிபோல நேராகக் கிடக்கும். அத்தகைய தையலில் கீழ் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் அது தங்குதடையின்றி உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு துண்டுத் துணிகளும் தனித்தனியாகிவிடும். அனுபவமுள்ள தையற்காரர் புதுத் துணியில் கை வைக்குமுன் ஒரு துண்டில் இரண்டங்குலம் ஓட்டி, திருப்பிப் பார்த்து, மேல் நூலை அழுத்தும் திருகையும் பாபின் கேஸிலுள்ள சிறு ஸ்குரூவையும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்வது இந்த நோயைத் தடுப்பதற்காகத்தான்.

உராய்வு பெருகும் விதம்

நேராகக் கிடக்கும் நூல் உருவிக்கொண்டு வருகிறது. வளைந்து கிடக்கும் நூல் வர மறுக்கிறது. வளைவுக்கு ஏன் இவ்வளவு மகிமை?

முரட்டுக் காளையின் கயிற்றை நேராகப் பிடித்து நிறுத்த நாலு பேராலும் முடியாத சமயத்தில், ஒரே ஆள் அந்தக் கயிற்றைத் தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு அமைதியாக நிற்பதைக் கிராமத்தில் பார்த்திருக்கலாம். கயிறு மரத்தைத் தழுவிச் செல்லும்போது, காளை இழுக்க இழுக்க அது மரத்தின்மீது மேலும் அழுந்துகிறது. அழுந்த அழுந்த உராய்வு அதிகமாகிறது. உராய்வு இழுப்பில் ஒரு பங்கை ஒவ்வொரு இடத்திலும் தானே வாங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் அடுத்த இடத்துக்கு அனுப்புகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் இதை ஆராய்ந்து ஓர் அதிசயமான முடிவைக் கண்டார்: சுற்றுகள் கூடக் கூடப் பிடிமானம் கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கிறது. ஒரு சுற்று ஆறரை மடங்கு தருமானால், இரண்டு சுற்று பதின்மூன்று மடங்கு அல்ல. ஆறரையை ஆறரையால் பெருக்கி, 42 மடங்கு தருகிறது. மரத்தின் பருமன்கூட இதில் லட்சியமில்லை. எத்தனை சுற்று என்பதும், எவ்வளவு சொரசொரப்பு என்பதுமே கணக்கு. ஆகவே தென்னை மரத்துக்குச் செல்லும் விதி ஒரு நூலிழையின் பருமனுக்கும் செல்லும்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. தையலின் முடிவைப் பற்றிய ரகசியம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பெருக்கல் என்றால் பெருக்குவதற்கு ஓர் எண் வேண்டும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே. மரத்தைச் சுற்றிய கயிற்றின் நுனியை ஒருவருமே பிடிக்காமல் விட்டுவிட்டால் கயிறு வழுக்கிக்கொண்டு போய்விடும். நுனியில் ஒரு சிறு பிடி இருந்தாக வேண்டும். உராய்வு அதைப் பன்மடங்காக்கித் தரும். அந்தச் சிறு பிடியை நுனிப்பிடி என்று பெயரிட்டுக்கொள்வோம்.

ஒரு கணக்கு: எத்தனை தையல் போதும்?

இனி, சட்டைப் பையின் மூலையை எடுத்துக்கொள்வோம். பேனாவையும் பணத்தையும் தினந்தோறும் உள்ளே செருகி வெளியே எடுக்கும்போது, பையின் வாய்க்கோடியில் முடியும் தையலின்மீது பலமான இழுப்பு விழுகிறது. அங்கே தையற்காரர் என்ன செய்கிறார்? கோடி வந்ததும் ரிவர்ஸ் பிடியை அழுத்தி, போன வழியிலேயே மூன்று நான்கு தையல்கள் பின்னால் வந்து, மறுபடி முன்னால் ஓட்டி முடிக்கிறார். ரிவர்ஸ் இல்லாத பழைய கறுப்பு யந்திரமானால், அழுத்தும் பாதத்தைத் தூக்கித் துணியை அரையங்குலம் பின்னால் இழுத்துவைத்து, தைத்த இடத்தின்மேலேயே மறுபடி தைக்கிறார். ஏன் மூன்று நான்கு? ஏன் ஒன்று போதாது, பத்து வேண்டியதில்லை?

பூட்டுத் தையலில் மேல் நூலின் பாதையைப் பின்பற்றுங்கள். துணியின் மேற்பரப்பில் படுத்து வரும் நூல் துவாரத்துக்குள் திரும்பும்போது கால் சுற்று வளைகிறது. உள்ளே பாபின் நூலைச் சுற்றித் திரும்பும்போது அரைச் சுற்று. மறுபடி மேற்பரப்புக்கு வந்து படுக்கும்போது கால் சுற்று. ஆக, ஒரு தையலுக்கு ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று. சாதாரண நூலின் சொரசொரப்புக்கு ஒரு முழுச் சுற்று சுமார் ஆறரை மடங்கு தரும் என்று கொள்ளலாம். வெட்டிவிட்ட நூலின் நுனியைத் துணியின் இழைகள் நெருக்கிப் பிடிப்பதால் கிடைக்கும் நுனிப்பிடி மிகவும் சொற்பம். கணக்குக்காக அதை 2 கிராம் எடை அளவு என்று வைத்துக்கொள்வோம்.

நுனியிலிருந்து ஒரு தையல் உள்ளே வந்தால் அந்த 2 கிராம் பிடி, 13 கிராமைத் தாங்கும். இரண்டாவது தையலில் 84 கிராம். மூன்றாவதில் ஏறக்குறைய 550 கிராம். நான்காவதில் மூன்றரைக் கிலோ. சட்டை தைக்கும் சாதாரணப் பாலியஸ்டர் நூலோ ஏறத்தாழ ஒரு கிலோ இழுப்பிலேயே அறுந்துவிடும். ஆகையால் மூன்றாவது தையலுக்கும் நான்காவதற்கும் இடையில் ஓர் எல்லை கடந்துபோகிறது: அதற்கு முன் நூல் வழுக்கி வெளியேறக்கூடும், அதற்குப் பின் நூல் அறுந்தாலும் அறுமே தவிர வழுக்காது. பிடி நூலின் சொந்த பலத்தை மிஞ்சிய பிறகு மேலும் மேலும் தைத்து லாபமில்லை. கணக்கறியாத தையற்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையனுபவத்தால் கண்டுபிடித்த எண், ஆய்லரின் விதி சொல்லும் எண்ணுக்கு இவ்வளவு நெருக்கமாக வந்து நிற்பதைக் காணும்போது, அந்தக் கைகளின்மீது எனக்கு அளவற்ற மதிப்பு உண்டாகிறது.

உண்மையான துணியில் நூல் நசுங்கும், நீளும், சலவையில் ஊறித் தளரும். ஆகவே மேற்சொன்ன எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் கணக்கின் போக்கு மாறாது. மேலும், அதிகமாகத் தைப்பதில் நஷ்டமும் உண்டு. ஒவ்வொரு தையலும் துணியில் ஒரு துவாரம். ஒரே இடத்தில் நெருக்கமாகத் துவாரங்கள் விழுந்தால் துணி அந்தக் கோட்டில் கிழியும். தோலில் இந்த அபாயம் இன்னும் அதிகம், ஏனெனில் துணியில் இழைகள் விலகி ஊசிக்கு வழிவிடுகின்றன. தோலிலோ துவாரம் துவாரமாகவே நிலைத்துவிடுகிறது. அதனால் தோல் பை தைப்பவர்கள் பின்னால் வந்து தைப்பதைக் குறைத்துக்கொண்டு, இரு நூல்களையும் அடிப்பக்கம் இழுத்து முடிச்சிடுகிறார்கள். ரவிக்கையில் டாட் என்ற கூர்மடிப்பைப் பிடிக்கும்போது அதன் கூர்முனையிலும் இப்படியே. அங்கே ரிவர்ஸ் அடித்தால் முனை தடித்துக் குமிழ்போல் வெளியே தெரியும். தையலைத் துணியின் மடிப்புக்கு வெளியே ஓடவிட்டு, இரண்டு நூல்களையும் நீளமாக விட்டு வெட்டி, கையால் முடிச்சிடுவதே அழகு.

கையூசியின் வழி

கையால் தைக்கும்போது இருப்பது ஒரே நூல். ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தி முன்னேறும் நூலோட்டுத் தையலில் நூல் அலைபோல் நெளிகிறதே தவிர எதையும் முழுதாகச் சுற்றுவதில்லை. ஆகவே நுனியை இழுத்தால் துணி சுருங்கி, முடிவில் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். கெட்டித் தையலில், ஊசி ஒவ்வொரு முறையும் முன்னால் போய் வெளிவந்து, பின்வாங்கிப் பழைய துவாரத்துக்கு அருகில் இறங்குகிறது. நூல் துணியின் இழைகளை ஒவ்வொரு தையலிலும் சுற்றிக்கொள்கிறது. பெருக்கல் விதி இங்கே முழுமையாகச் செயற்படுகிறது. அதனால்தான் நூலோட்டுத் தையலால் தைத்து வருகிறவரும் முடிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று கெட்டித் தையல்கள் போடுகிறார்.

தொடக்கத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நூலை உருட்டிப் போடும் முடிச்சு வேறு தத்துவத்தைச் சேர்ந்தது. அது உராய்வைப் பெருக்குவதில்லை. துவாரத்தைவிடப் பெரிதாக இருந்து அடைத்துக்கொள்கிறது, அவ்வளவே. நெருக்கமாக நெய்த துணியில் அது நிற்கும். மல் துணியிலும் தளர நெய்த கதரிலும் ஓர் இழுப்பில் உள்ளே புகுந்து போய்விடும். குழந்தைகளின் சட்டையில் உடம்பை உறுத்தவும் செய்யும். ஆகவே முடிச்சை நம்புவதைக் காட்டிலும், ஒரே இடத்தில் மிகச் சிறிய இரண்டு தையல்கள் போட்டு, மூன்றாவதை இறுக்குமுன் அதன் கண்ணிக்குள் ஊசியை ஒரு முறை நுழைத்தெடுத்து இறுக்கி, மிஞ்சிய நூலை இரண்டு துணிகளுக்கு நடுவில் ஓர் அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து வெட்டுவது மேலான முறை. உள்ளே மறைந்திருக்கும் அந்த ஓர் அங்குலம்தான் நுனிப்பிடியைத் தருகிறது.

பொத்தானும் மூலையும்

கடைச் சட்டைகளில் பலவற்றுக்கு ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும் யந்திரங்களால்தான் பொத்தான் வைக்கிறார்கள். அவை அதிவேகமாக வேலை செய்கின்றன. பாபின் மாற்றும் அவசியமும் இல்லை. ஆனால் கடைசிக் கண்ணியின் காவல் சிறிது தவறினாலும், பின்னால் தொங்கும் நுனியை இழுத்தவர் கையில் பொத்தான் வந்துவிடும். புதுச் சட்டையை அணியுமுன் அந்த நூலை ஒரு ஊசியில் கோத்து, பின்புறமுள்ள தையல்களுக்கு அடியில் இரண்டு முறை செலுத்தி, கண்ணி போட்டு இறுக்கிவிட்டால் பொத்தான் சட்டையின் ஆயுள் வரைக்கும் நிற்கும். நாமே பொத்தான் வைக்கும்போது, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் சிறிது இடைவெளி விட்டு, கடைசியில் அந்த இடைவெளியிலுள்ள நூல்களைச் சுற்றி நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றிய பின் முடிக்க வேண்டும். அந்தச் சுற்றுகள் பொத்தானுக்குக் காலாக நிற்பதோடு, நூலின் நுனிக்குக் காவலாகவும் அமைகின்றன.

துணியின் ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் அடிக்கும்போது மூன்று நான்கு நூல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓரத்தைச் சுற்றுகின்றன. அந்தத் தையலின் முடிவிலும் ஒரு வால் மிஞ்சும். அதை ஒட்ட வெட்டிவிடுவதே வழக்கம். வேறொரு தையல் அதன்மேல் குறுக்கே ஓடுமானால் அதனால் பாதகமில்லை. அப்படி ஓடாத இடத்தில், அகன்ற காதுள்ள ஊசியால் அந்த வாலை ஓவர்லாக்கின் கீழேயே திருப்பிச் செருகிவிடுவது உத்தமம்.

இழுப்பு மிக அதிகமாக விழும் மூலைகளில் தையல் மட்டும் போதாது என்பதை அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரினோ நகரில் ஜேகப் டேவிஸ் என்ற தையற்காரர் உணர்ந்தார். தொழிலாளிகளின் கால்சட்டைப் பைகளின் மூலையில் அவர் செப்பு ஆணிகளை அடித்தார். அவரும் லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20இல் அதற்குப் பட்டயம் பெற்றார்கள். பிற்காலத்தில் அந்த மூலைகளில் குறுக்கும் நெடுக்குமாக நெருங்கிய தையல்களைப் போடும் பார்டேக் யந்திரம் வந்து, ஆணியின் வேலையில் பெரும்பகுதியை நூலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

நூலுக்குள்ளேயும் இதே விதி

தையலை நூல் தாங்குகிறது. நூலைத் தாங்குவது எது? பருத்தி நூல் என்பது ஓரங்குலம் நீளமுள்ள எண்ணற்ற பஞ்சிழைகளின் முறுக்கே அல்லாமல் வேறில்லை. எந்த இழையும் நூலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் போவதில்லை. அப்படியிருந்தும், இவ்விதக் குறுகிய இழைகளாலான கயிறு எப்படி அறாமல் நிற்கிறது என்ற கேள்வியை 1638இல் வெளியான தமது இறுதிப் பெருநூலில் கலீலியோ எழுப்பி, முறுக்கினால் இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிப்பதையும், உருளையைச் சுற்றிய கயிறு வழுக்காமல் நிற்பதையும் சேர்த்தே விவரித்தார். 2018இல் பாட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் என்ற மூவர் இந்தக் கேள்வியை மறுபடி எடுத்து, இழைகளுக்கிடையே உராய்வு ஓர் அளவைத் தாண்டியதும், ஒவ்வோர் இழையும் மற்றவற்றைப் பூட்டி, நூல் முழுவதும் ஒரே உடம்பாக இழுப்பைத் தாங்கத் தொடங்குகிறது என்று விளக்கினார்கள்.

பஞ்சுநூலின் மேலுள்ள பிசிறுகள் நுனிப்பிடிக்குப் பேருதவி செய்கின்றன. நீண்ட இழைகளாலான நைலானிலும், அதே விதமான வழவழப்பான பாலியஸ்டரிலும் அந்தப் பிசிறு இல்லை. ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு என்பது அங்கே மூன்று நான்கு மடங்காகக் குறைந்துவிடும். அத்தகைய நூலில் பின் தையல்களைக் கூட்ட வேண்டும், அல்லது நுனியை நெருப்பில் காட்டி உருக்கிக் குமிழாக்க வேண்டும். செருப்புத் தைப்பவர் நூலில் மெழுகு தேய்ப்பதும் இழைகளை ஒட்டவைத்துப் பிடியை வலுப்படுத்தவே.

இந்தப் பிரச்னை மனித உடம்பைத் தைக்கும் சஸ்திர வைத்தியர்களுக்கு இன்னும் கடுமையானது, ஏனெனில் அங்கே ஒரு முடிச்சு அவிழ்ந்தால் போவது துணியல்ல. பின்னிய பட்டு நூலில் மூன்று முடிச்சு இடுகிற அதே வைத்தியர், வழவழப்பும் விறைப்புமுள்ள ஒற்றையிழை நூலில் ஐந்தாறு முடிச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடுகிறார்; அவற்றையும் இடம் வலமாக மாற்றி மாற்றி இடுகிறார். மாற்றி இடுவது ஏன் அவசியம் என்பதை 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. விஞ்ஞானிகள், இழுவிசைக்கேற்ப நிறம் மாறும் இழைகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். முடிச்சிலுள்ள பக்கத்துப் பகுதிகள் எதிரெதிர்த் திசையில் முறுக முயலும்போது அவை ஒன்றையொன்று தடுத்துப் பூட்டிக்கொள்கின்றன; ஒரே திசையில் முறுகினால் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு வழுக்கிவிடுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு முடிச்சுகளில் ஒன்று நிற்பதும் மற்றொன்று அவிழ்வதும் இதனால்தான்.

இவ்வளவு முடிச்சுகள் ஒன்றுசேர்ந்தால் தோலுக்கடியில் ஒரு கட்டியாக உறுத்துமல்லவா? அதைத் தவிர்ப்பதற்குச் சஸ்திர வைத்தியர்கள் அபர்டீன் முடிச்சு என்ற முறையைக் கையாளுகிறார்கள். தொடர்ச்சியாகத் தைத்து வந்த காயத்தின் கோடியில், நூலைக் கண்ணியாக இழுத்து, அதனுள் அடுத்த கண்ணியை இழுத்து, மூன்று நான்கு கண்ணிகள் வரை ஒரு குறுஞ்சங்கிலி பின்னுகிறார்கள். பிறகு கடைசிக் கண்ணிக்குள் நூலின் நுனியையே செலுத்தி இறுக்குகிறார்கள். மிஞ்சிய நுனியை ஊசியோடு தோலுக்கடியில் சிறிது தூரம் ஓட்டி, வெளியே எடுத்து, சிறிது இழுத்துப் பிடித்து வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய நுனி தோலுக்குள் பின்வாங்கி மறைகிறது. அடுக்கடுக்காக இட்ட முடிச்சுகளைவிட இதற்கு இடமும் குறைவு, நூலும் குறைவு.